பழைய மோட்டார் வண்டியின் நாடித் துடிப்பு

வண்டி பழையது என்பது வேறு. அதன் யந்திரம் தேய்ந்து ஓய்ந்துவிட்டது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் நம் கிராமங்களில் ஆண்டுதோறும் பணம் வீணாகின்றது. தேயாத யந்திரத்தைத் தேய்ந்துவிட்டதாக எண்ணிப் பிரித்துப் போடுவோர் ஒருபுறம்; தேய்ந்த யந்திரத்துக்கு மேலும் மேலும் எண்ணெய் வார்த்து ஓட்டுவோர் மற்றொருபுறம். இரு சாராரும் செய்யத் தவறுவது ஒன்றே. வைத்தியர் நோயாளியின் நாடியைப் பார்த்த பிறகே மருந்து சொல்கிறார். யந்திரத்துக்கும் அத்தகைய ஒரு நாடிப் பரீட்சை உண்டு. அதுவே அமுக்கப் பரீட்சை. பட்டறைகளில் இதனைக் 'கம்ப்ரஷன் பார்ப்பது' என்று சொல்வார்கள்.

கிராமங்களில் நெடுங்காலம் உழைத்த வண்டி அம்பாசடர். மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவிலுள்ள தொழிற்சாலையிலிருந்து 1957-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த இவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. ஆயினும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய அம்பாசடர்கள் சில ஊர்களில் இன்னமும் உள்ளன. ஆகவே, 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் பெட்ரோல் யந்திரத்தையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்குச் சொல்வன பொதுவாக நான்கு சிலிண்டர்களுள்ள பழைய பெட்ரோல் வண்டிகள் அனைத்துக்கும் பொருந்தும்.

ஒரு விவசாயியின் அனுபவம்

எமக்குத் தெரிந்த ஒரு விவசாயி இத்தகைய வண்டி ஒன்றை வைத்திருந்தார். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி திணறியது. நின்ற இடத்தில் யந்திரம் ஒரே சீராக ஓடாமல் விட்டுவிட்டு நடுங்கியது. நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினார். "கம்ப்ரஷன் இல்லை, போர் செய்து, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும்" என்று கூறிவிட்டார்கள். எந்தச் சிலிண்டரில் எவ்வளவு குறைவு என்று அவரும் கேட்கவில்லை. அவர்களும் எழுதிக் கொடுக்கவில்லை. விதைப்புக்குச் சில வாரங்களே இருந்த சமயம் அது. செலவுக்காக வீட்டு நகையை அடகு வைப்பதென்று முடிவு செய்துவிட்டார். அந்த நகை அடகுக் கடைக்குப் போகாமல் தப்பியது எவ்வாறு என்பதைப் பின்னர் காண்போம். முதலில் அமுக்கம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது அவசியம்.

அமுக்கம் என்பது யாது?

யந்திரத்தின் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிஸ்டன் ஏறி இறங்குகிறது. அது கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோல் ஆவியும் உள்ளே இழுக்கப்படுகின்றன. பிறகு உள்வால்வும் வெளிவால்வும் மூடிக்கொள்ள, பிஸ்டன் மேலேறி அக்கலவையை நெருக்குகிறது. நன்கு நெருக்கப்பட்ட கலவையில் தீப்பொறி விழுந்தால்தான் முழுச் சக்தி பிறக்கும். நெருக்கம் குறைந்தால் சக்தி குறையும். பெட்ரோல் செலவு மிகும். காலையில் வண்டி எளிதில் கிளம்பாது.

நெருக்கப்படும் காற்று தப்பிச் செல்லக்கூடிய வழிகள் மூன்றே. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் ஓரமாகக் கீழே போகலாம். சரியாக மூடாத வால்வின் வழியாக வெளியேறலாம். சிலிண்டர் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையேயுள்ள கேஸ்கட் கெட்டு அதன் வழியாகவோ, வெடிப்பு ஏதேனும் இருப்பின் அதன் வழியாகவோ கசியலாம். அமுக்கம் குறைவு என்று தெரிவது பாதிச் செய்தியே. இம்மூன்றில் எந்த வழியாகக் காற்று போகிறது என்பதே மறுபாதி. ஏனெனில் முதல் குறைக்கு யந்திரம் முழுவதையும் பிரிக்க நேரும். மற்ற இரண்டுக்கும் பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

எவ்வளவு அமுக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு வண்டியின் கையேடே பிரமாணம். ஒரு கணக்கையும் பார்க்கலாம். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 பவுண்டு. அமுக்க விகிதம் 7.2-க்கு 1 என்று கொண்டால், அமுக்கமானி சுமார் 90 பவுண்டு காட்ட வேண்டும் என்று தோன்றும். ஆனால் நெருக்கும்போது காற்று சூடேறுவதால் அழுத்தம் அதற்கு மேலும் உயர்கிறது. அதே சமயத்தில், உள்வால்வு சற்றுத் தாமதித்து மூடுவதாலும், சிறிது சூடு சிலிண்டர்ச் சுவருக்குப் போய்விடுவதாலும் ஓரளவு குறைகிறது. ஆகவே இத்தகைய யந்திரம் நல்ல நிலையில் இருந்தால் 120 முதல் 140 பவுண்டு வரை எதிர்பார்க்கலாம்.

பரீட்சை செய்யும் முறை

தவறாகச் செய்த பரீட்சை, செய்யாத பரீட்சையைவிடத் தீமை பயக்கும். ஆதலால் பின்வரும் ஒழுங்கை வழுவாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

முதலாவதாக, டாப்பெட் இடைவெளி கையேட்டில் கண்டபடி இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்க. இடைவெளி அறவே இல்லாவிட்டால் வால்வு முழுதும் மூடாது. அமுக்கம் தானாகவே குறையும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுகிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்கென வடிக்கப்பட்ட பழைய யந்திரங்களில் வெளிவால்வு அமரும் இடம் சிறிது சிறிதாகத் தேய்ந்து உள்வாங்குவதுண்டு. அப்போது டாப்பெட் இடைவெளி தானே சுருங்கிவிடும். ஆகையால் பழைய வண்டிகளில் இதைச் சோதிக்காமல் மேலே செல்லலாகாது.

இரண்டாவதாக, பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருக்க வேண்டும். யந்திரத்தைச் சற்று ஓட்டிச் சூடேற்றியபின் நிறுத்துக. ஸ்பார்க் பிளக்குகளைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் துடைத்த பிறகே நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்ப்பது சரியன்று. எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருக்கு உரியது என்று வரிசையாக வைத்துக்கொள்க.

மூன்றாவதாக, தீப்பொறி எழாதபடி இக்னிஷன் காயிலுக்கு வரும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். பிளக் துவாரங்களின் வழியே பெட்ரோல் ஆவி வெளிவருமாதலால் அருகில் பீடி, சிகரெட், விளக்கு எதுவும் கூடாது. கியரை நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கைப் போட்டுவிடுக.

நான்காவதாக, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குப் போதிய காற்று செல்லாது. நல்ல யந்திரமும் நோயுற்றதாகவே தோன்றும். அமுக்கமானியைத் துவாரத்தில் இறுகப் பொருத்தி, ஸ்டார்ட்டரைக்கொண்டு ஐந்தாறு அமுக்கங்கள் வரும்வரை சுற்றுக. முதல் அமுக்கத்தில் முள் எதுவரை ஏறியது, கடைசியில் எங்கு நின்றது என்ற இரண்டையும் எழுதிக்கொள்க. நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே அளவு சுற்றுவது முக்கியம்.

எண்ணெய்ப் பரீட்சை

நம் வீட்டுச் சைக்கிள் பம்பை நினைத்துப் பாருங்கள். நெடுநாள் கிடந்த பம்பில் காற்று ஏறாது. உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்திருக்கும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் வாஷரின் ஓரம் அடைபட்டு மறுபடியும் காற்று ஏறும். ஆனால் பம்பின் குழாயில் ஓட்டை இருந்தால் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் பயனில்லை. இவ்வுண்மையே எண்ணெய்ப் பரீட்சைக்கு அடிப்படை.

குறைந்த அமுக்கமுள்ள சிலிண்டரில் பிளக் துவாரத்தின் வழியே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் அளவு, என்ஜின் எண்ணெய் விட்டு, யந்திரத்தைச் சில சுற்றுகள் சுற்றியபின் மறுபடியும் அளந்து பார்க்க வேண்டும். அளவு வெகுவாக உயர்ந்தால் ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும் தேய்ந்துள்ளன என்பது பொருள். எண்ணெய் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்துள்ளது. உயராவிட்டால் கசிவு வால்விலோ கேஸ்கட்டிலோ இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கூறிய யந்திரத்தில் பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் மேல் எஞ்சியிருக்கும் இடம் சுமார் 60 கன சென்டிமீட்டரே. அதில் 5 மில்லி லிட்டர் எண்ணெய் புகுந்தால் இடம் 55 ஆகச் சுருங்குகிறது. அதனாலேயே அமுக்கம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். எண்ணெயை அதிகமாக விட்டாலோ பொய்யான உயர்வே கிடைக்கும். ஆகவே நல்ல சிலிண்டர்களிலும் அதே அளவு எண்ணெய் விட்டு அளந்து, அவற்றின் உயர்வோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பதே நேர்மையான முறை.

எண்கள் சொல்லும் செய்தி

பட்டறைகளில் வழங்கும் ஒரு விதி யாதெனில், மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்த அளவில் முக்கால் பங்குக்குக் குறையலாகாது என்பதாம். மொத்தத்தில் அளவு எவ்வளவு என்பதைவிட, நான்கும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே பெரும்பாலும் முக்கியமானது. நான்கு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதல் உதாரணம்: 130, 125, 128, 80. உயர்ந்த அளவான 130-இல் முக்கால் பங்கு 97½. நான்காவது சிலிண்டர் அதற்கும் கீழே உள்ளது. எண்ணெய் விட்டபின் 140, 136, 138, 86. நல்ல சிலிண்டர்களில் ஏற்பட்ட சிறு உயர்வே நான்காவதிலும் ஏற்பட்டுள்ளது. அதற்கு மேல் இல்லை. ஆகவே ரிங்கின் மீது குற்றமில்லை. நான்காவது சிலிண்டரின் வால்வே குற்றவாளி. முதல் அமுக்கத்திலேயே முள் தாழ்ந்து நின்று, பின்னரும் அதிகம் ஏறாதிருப்பது வால்வுக் கசிவின் மற்றோர் அடையாளம்.

இரண்டாவது உதாரணம்: 95, 90, 92, 88. எண்ணெய் விட்டபின் 125, 122, 120, 118. எல்லாம் ஒன்றுபோல் குறைந்து, எண்ணெயால் வெகுவாக உயர்ந்துள்ளன. இது நெடுநாள் உழைப்பினால் ரிங்குகளும் சிலிண்டர்களும் சமமாகத் தேய்ந்ததைக் காட்டுகிறது. முதல் அமுக்கத்தில் முள் தாழ்ந்து, அடுத்தடுத்துப் படிப்படியாக ஏறுவதும் இதன் குணமே. போர் செய்யும் காலம் நெருங்குகிறது என்பது உண்மை. எனினும் எண்ணெய்ச் செலவும் நீலப் புகையும் அளவோடு இருப்பின், இதனை அடுத்த அறுவடைவரை நிதானமாக ஓட்டலாம். இன்றே கடன் வாங்க வேண்டிய அவசியமில்லை.

மூன்றாவது உதாரணம்: 128, 60, 58, 126. எண்ணெய் விட்டபின் இரண்டாவதும் மூன்றாவதும் 64, 62. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்திருப்பதால், அவற்றின் இடையே கேஸ்கட் வெந்து காற்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்கிறது என்று கொள்ளலாம். ஹெட்டைக் கழற்றிக் கேஸ்கட்டை மாற்றும்போது ஹெட் வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வளைவைச் சரிசெய்யாமல் புதிய கேஸ்கட் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதாகும்.

நான்காவது உதாரணம்: 70, 72, 70, 71. நான்கும் மிகக் குறைவு; ஆனால் ஏறக்குறைய ஒரே அளவு. இதைக் கண்டவுடன் யந்திரத்தைப் பழிக்கலாகாது. ஆக்சிலரேட்டர் மிதிக்கப்பட்டதா, பாட்டரி சோர்ந்ததா, அமுக்கமானி சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். அவற்றில் குறையில்லாமல், எண்ணெயாலும் அளவு உயராவிட்டால், டைமிங் செயின் இடம் மாறி வால்வுகள் உரிய சமயத்தில் திறந்து மூடாமல் இருக்கலாம்.

சில சமயங்களில் அளவு இருக்க வேண்டியதைவிட அதிகமாகவும் இருக்கும். அது பலத்தின் அறிகுறியன்று. பிஸ்டன் தலையில் கரி படிந்து இடம் சுருங்கியிருப்பதையே அது காட்டும்.

காற்றை அடைத்துக் காது கொடுத்தல்

ஐயம் தீர மற்றொரு வழியும் உண்டு. குறைந்த சிலிண்டரின் பிஸ்டனை இரு வால்வுகளும் மூடியிருக்கும் உச்சி நிலையில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே பஞ்சர்க் கடையிலுள்ளது போன்ற கம்ப்ரஸரால் காற்றை அடைக்க வேண்டும். கார்புரேட்டரில் சீறல் கேட்டால் உள்வால்வு கசிகிறது. சைலன்சர் குழாயில் கேட்டால் வெளிவால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் பலமாகக் கேட்டால் ரிங். ரேடியேட்டர்த் தண்ணீரில் குமிழி எழுந்தால் கேஸ்கட் அல்லது வெடிப்பு. காற்றின் வேகத்தால் யந்திரம் திடீரெனச் சுழலக்கூடும். ஆதலின் கிராங்க் ஹேண்டிலை எடுத்துவிட்டு, விசிறியருகே கை வைக்காமல் அனுபவமுள்ளவரே இதைச் செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடியை யந்திரம் ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

அமுக்கமானி கிடைக்காத இடத்தில், கிராங்க் ஹேண்டில் உள்ள வண்டிகளில் கையாலேயே ஒருவாறு அறியலாம். இக்னிஷனை அணைத்து, பிளக்குகளைக் கழற்றாமல் ஹேண்டிலை மெல்லச் சுற்றினால் இரண்டு சுற்றுக்கு நான்கு முறை கை இறுகும். அவற்றில் ஒன்று மட்டும் இளகி இருந்தால் ஒரு சிலிண்டர் சோர்ந்துள்ளது. கட்டை விரலை மற்ற விரல்களின் பக்கமாகவே வைத்துப் பிடிக்க வேண்டும். இல்லையேல் ஹேண்டில் உதைத்தால் விரல் முறியும்.

பரீட்சையின் எல்லை

இப்பரீட்சை எல்லா நோயையும் காட்டாது. அமுக்கம் சரியாக இருந்தும் நீலப் புகை வரலாம். வால்வின் தண்டு ஓடும் கைடு தேய்ந்தோ, பிஸ்டனின் எண்ணெய் ரிங் கெட்டோ இருக்கலாம். பேரிங் தேய்மானமும் இதில் தெரியாது. மேலும், டீசல் யந்திரம் பொருத்திய அம்பாசடர்களும் டிராக்டர்களும் டீசல் பம்புசெட்டுகளும் பெட்ரோல் யந்திரத்தைக் காட்டிலும் பன்மடங்கு அமுக்கம் உடையவை. அவற்றுக்கு உரிய தனி அமுக்கமானி வேண்டும். பெட்ரோல் வண்டியின் அமுக்கமானியை அவற்றில் பொருத்துவது அபாயகரமானது. டீசல் யந்திரத்தில் எண்ணெய் விட்டுப் பார்ப்பதும் தகாது. அந்த எண்ணெயே பற்றி எரியக்கூடும்.

நகை தப்பிய கதை

முன்னர்க் கூறிய விவசாயியின் வண்டியை, அடகுக் கடைக்குப் போவதற்கு முன்னால், பக்கத்து ஊர் மெக்கானிக் ஒருவர் முறைப்படி பரீட்சித்தார். கிடைத்த எண்கள் நமது முதல் உதாரணத்தில் கண்டவையே. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, டாப்பெட் இடைவெளி சுருங்கியதால் நான்காவது சிலிண்டரின் வெளிவால்வு ஓரம் எரிந்து போயிருந்தது. புதிய வால்வு ஒன்றைப் போட்டு, அது அமரும் இடத்தைச் செப்பனிட்டு அரைத்து, புதிய கேஸ்கட்டுடன் ஹெட்டைப் பூட்டினார்கள். பிஸ்டனையும் ரிங்கையும் தொடவே இல்லை. வண்டி ஏரிக்கரை மேட்டை முன்போல் ஏறிற்று. நகை வீட்டிலேயே இருந்தது. விதைப்பும் பருவத்தில் நடந்தது.

முதலில் பார்த்த பட்டறைக்காரர் பொய் சொன்னார் என்று கொள்ள வேண்டுவதில்லை. அமுக்கம் குறைந்திருந்தது மெய்யே. எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது என்ற அடுத்த இரண்டு கேள்விகள்தாம் கேட்கப்படவில்லை.

நாம் செய்யத்தக்கவை

வண்டி வைத்திருப்போர் பட்டறையில் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நான்கு சிலிண்டர்களின் அளவுகள் என்ன? டாப்பெட்டைச் சரிசெய்த பின் அளந்தீர்களா? எண்ணெய் விட்டபின் அளவுகள் எவ்வளவு? காற்று எந்த வழியாகப் போகிறது? இவற்றுக்கு எழுத்தில் விடை வாங்கிய பிறகே யந்திரத்தைப் பிரிக்கச் சம்மதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அளந்து தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், தேய்மானம் எவ்வளவு வேகமாக நடைபெறுகிறது என்பதும் விளங்கும். தனியார் காரின் பதிவை 15 ஆண்டுகளுக்குப் பிறகு புதுப்பிக்கும்போது வண்டி தகுதியுடையதா என்று சோதிக்கப்படுகிறது. இவ்வண்டிக்கு மேலும் செலவு செய்வது தகுமா என்று அச்சமயம் தீர்மானிப்பதற்கும் இந்த நோட்டு உதவும்.

ஊர்தோறும் ஆளுக்கொரு அமுக்கமானி வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஊர்களின் வண்டிக்காரர்கள் கூடி ஒன்று வாங்கி, பொறுப்புள்ள ஒருவரிடம் வைத்துப் பயன்படுத்தலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி பெற்று ஊர் திரும்பிய இளைஞர்களுக்கு இவ்வேலையை அளிப்பதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஊக்கம் தரலாம். ஊருக்குள்ளேயே ஒரு தொழில் வளரும். ஊர்ப் பணமும் ஊரிலேயே தங்கும்.

கண்ணால் கண்டதைக் கொண்டு மண்ணின் குணத்தைச் சொல்லும் விவசாயி, எண்களைக் கொண்டு யந்திரத்தின் குணத்தைச் சொல்வதும் இயலாத காரியமன்று. அளந்து பார்த்துச் செலவு செய்வோம். அளக்காமல் கடன்பட வேண்டாம்.